வெள்ளத்தில் வீடிழந்தோருக்கு மாற்று வீடு: முதலில் தேட வேண்டியது நிலம்

2024 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 செ.மீ. ஆண்டு முழுவதும் சேர்த்தே சராசரியாக 80 முதல் 90 செ.மீ. மழையைத்தான் கிருஷ்ணகிரி மாவட்டம் காண்கிறது. அதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டது. அண்டை மாவட்டமான தருமபுரியில் அரூரும் அதே நாளில் 30 செ.மீ.க்கு மேல் மழை பெற்றது. நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்று, பிறகு வலுவிழந்து மேற்கு நோக்கி மெல்ல நகர்ந்ததே இதற்குக் காரணம். கடற்கரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் வறட்சிக்குப் பழகிப்போன ஒரு வட்டாரம், புயல் மழைக்கு எந்த வகையிலும் ஆயத்தமாக இருக்கவில்லை. ஏரி நிரம்பி வெளியேறிய நீர், சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் இழுத்துச் சென்ற காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்த நீர் வடிந்தபின் தொடங்கிய வேலையைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

வீட்டை இழந்த குடும்பத்துக்கு இன்னொரு வீடு என்றதும், செங்கல் எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு, அரசு எத்தனை லட்சம் தரும் என்ற கணக்குக்கே நாம் போய்விடுகிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு அடுத்ததுதான். எந்த நிலத்தில், யார் பெயரில், பழைய இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பவற்றை முதல் சில வாரங்களிலேயே சரியாக முடிவு செய்யாவிட்டால், கட்டுகிற வீடு அடுத்த பெருமழையில் மறுபடியும் மூழ்கும். அல்லது யாரும் குடிபோகாமல் பூட்டியே கிடக்கும்.

இந்த வட்டாரத்தில் வெள்ளம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று ஆறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலும் அடுத்து கிருஷ்ணகிரி அணையிலும் தேங்கி, அதன்பின் சாத்தனூரை நோக்கிப் போகிறது. காவிரி ஒகேனக்கல் வழியாக வருகிறது. ஆற்று வெள்ளம் எவ்வளவு கொடியதானாலும் அதற்கு ஒரு முன்னறிவிப்பு உண்டு; அணையில் எத்தனை ஆயிரம் கன அடி திறக்கிறார்கள் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல நேரம் கிடைக்கும். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் ஷட்டர் ஒன்று உடைந்தபோதுகூடக் கரையோர மக்களை எச்சரிக்க முடிந்தது.

இன்னொன்று ஏரி. நம் முன்னோர் இங்கே ஏரிகளைத் தனித்தனியாக வெட்டவில்லை, சங்கிலியாக வெட்டினார்கள். மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது உபரி நீர் வழிந்து வெளியேறினால், அந்த நீர் ஓடை வழியாகக் கீழ் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்குப் போகும். பாறை மேல் மெல்லிய செம்மண் போர்த்திய நிலம் என்பதால் பெருமழையை மண் உறிஞ்சிக்கொள்ள முடிவதில்லை. கரடுகளிலும் குன்றுகளிலும் விழுந்த நீர் சில மணி நேரத்துக்குள் ஏரிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. சங்கிலியின் மேல்கண்ணியில் ஒரு கரை உடைந்தால், கீழே உள்ள ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. சிற்றேரியில் நீர்மட்டம் எவ்வளவு என்று நள்ளிரவில் அளந்து சொல்ல ஆள் கிடையாது. ஆகவே இந்தப் பகுதியில் மாற்று வீட்டுக்கு இடம் பார்ப்பவர் ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர் என்று பார்ப்பது போதாது. அந்த இடம் எந்த ஏரியின் கோடிக்குக் கீழே இருக்கிறது, அந்த ஏரிக்கு மேலே எத்தனை ஏரிகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

ஓடைகளின் சங்கதி இதைவிடச் சிக்கலானது. ஆண்டில் பதினொரு மாதம் காய்ந்து கிடக்கும் ஓடை, சீமைக் கருவேலம் மண்டி, ஓரங்களில் மண் கொட்டிச் சமப்படுத்தப்பட்டு, பார்க்கிறவர் கண்ணுக்கு வெறும் தரிசாகவே தெரியும். ஆனால் வருவாய்த் துறையின் நில ஆவணங்களான அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் அது இன்றும் ஓடைதான். மே மாத வெயிலில் இடம் பார்க்கப் போனால் அந்தத் தரிசு மிக நல்ல மனையாகத் தோன்றும். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் எழுபது வயது தாண்டிய இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனால்தான் தண்ணீர் முன்பு எங்கே திரும்பியது என்பது தெரியவரும்.

இடம் தேர்வதற்கான மிகச் சிறந்த ஆவணம் எந்த அலுவலகத்திலும் இல்லை. அது நனைந்த சுவர்களில் இருக்கிறது. வெள்ளம் வடிந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், நீல வண்ணம் அடித்த சுவரில் நெஞ்சளவு உயரத்தில் செம்மண் நிறக் கோடு ஒன்று நேராக ஓடியிருக்கும். சாமி படம் மாட்டிய ஆணி அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தால் படம் தப்பியிருக்கும். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் தப்பியிருக்காது. தெருவில் பத்து வீட்டில் அந்தக் கோட்டின் உயரத்தை அளந்து, மின்கம்பங்களில் பெயிண்டால் குறித்து, சர்வேயரின் மட்டக் கருவியோடு இணைத்துவிட்டால், நீர் எதுவரை ஏறியது என்பதற்கு அதைவிடத் துல்லியமான வரைபடம் தேவையில்லை. ஆனால் அந்தக் கோடு நெடுநாள் இருக்காது. டிசம்பர் தொடக்கத்தில் வந்த வெள்ளத்துக்கும் பொங்கலுக்கும் இடையே ஆறு வாரமே உண்டு; பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு நம் பக்கத்தில் கிடையாது. அளவெடுக்கும் வேலைக்குப் பொங்கலுக்கு முந்தைய நாளைத்தான் கெடுவாக வைக்க வேண்டும்.

அடுத்தது பட்டா. ஃபெஞ்சலுக்குப் பிறகு, சேதமடைந்த குடிசைகளுக்கு 10,000 ரூபாய் என்றும், முழுவதும் சேதமடைந்தவற்றுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் முன்னுரிமை என்றும் தமிழக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்புதான். ஆனால் அரசின் வீட்டுத் திட்டத்தில் சேர, பயனாளியின் பெயரில் மனை இருக்க வேண்டும். வெள்ளத்தில் அதிகம் இழந்த குடும்பங்களில் கணிசமானவை ஏரி உள்வாயிலோ (நீர் தேங்கிப் பரவும் பகுதியிலோ) ஓடைப் புறம்போக்கிலோ குடியிருந்தவை. அவர்களிடம் வீட்டு வரி ரசீது இருக்கும், மின் இணைப்பு இருக்கும், ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் அதே முகவரியில் இருக்கும். பட்டா மட்டும் இருக்காது. வீட்டை இழந்ததற்கும் வீடு கிடைக்காததற்கும் காரணம் ஒன்றே: அவர்கள் இருந்தது தண்ணீரின் இடம்.

ஆட்சேபணையற்ற புறம்போக்கில், அதாவது நீர்நிலை, சாலை போன்ற பொதுப் பயன்பாட்டுக்குத் தேவைப்படாத அரசு நிலத்தில், நெடுங்காலம் குடியிருப்போருக்குப் பட்டா வழங்க அரசாணைகள் வழிசெய்கின்றன. நீர்நிலைப் புறம்போக்கில் அது முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை உறுதியாகச் சொல்லியிருக்கிறது; ஏரிப் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றலுக்கும் 2007ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது. அந்த நிலைப்பாடு சரியானது என்பதே என் கருத்து. ஏரியை மனையாக்கியதன் விலையை நாம் கண்ணெதிரே பார்த்துவிட்டோம். ஆனால் அங்கே பட்டா தர முடியாது என்று சொல்கிற அதே கடிதத்தில், இங்கே தருகிறோம் என்ற சர்வே எண்ணும் இருந்தாக வேண்டும். அந்த இரண்டாவது வரி எழுதப்படாததால்தான் காலி செய்யும் நோட்டீசும் தார்ப்பாய்க் குடிசையும் மாறி மாறி வருகின்றன.

இங்கே சட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அணைக்கோ சாலைக்கோ அரசு நிலம் எடுத்தால், 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் வீடிழந்தவருக்கு மாற்று வீட்டை உரிமையாகவே தருகிறது. குடியமர்த்தும் இடத்தில் சாலை, வடிகால், குடிநீர், பள்ளி ஆகியவை இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணை வரிசையாகச் சொல்கிறது. வெள்ளம் எடுத்துக்கொண்ட வீட்டுக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய், அதோடு சரி. நிலம், சாலை, வடிகால் எல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் முனைப்பைப் பொறுத்தவை. ஆகவே மாவட்ட ஆட்சியர் அளவில் எடுக்கப்படும் முடிவுகள் இங்கே வழக்கத்தைவிடக் கனமானவை.

நிலத்தை எங்கே தேடுவது? ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நத்தம் நிலத்திலும் அரசுத் தரிசிலும் நல்ல பகுதி முன்பே ஒப்படைக்கப்பட்டுவிட்டது. மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பாறையும் கரடும், அல்லது பேருந்து போகாத மூலை. நெடுஞ்சாலையை ஒட்டிய தனியார் நிலமோ மனைப்பிரிவுகளாகி விலை ஏறிவிட்டது. இலவச நிலம் கிடைக்கும் இடத்தில் வீடு என்ற வழியில் போனால், மக்கள் எட்டு, பத்து கிலோமீட்டர் தள்ளித்தான் போக நேரும். பணம் கொடுத்து அருகிலேயே நிலம் வாங்கும் வழி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு மனை வழங்குவதற்காகவே 1978இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அதன்கீழ் ஊரை ஒட்டிய நிலங்கள் எடுக்கப்பட்டன. தமிழ்நாட்டின் பல காலனிகள் அப்படி உருவானவையே. வெள்ளத்துக்கும் அதே துணிவு வேண்டும்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இங்கே நிலத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. பல ஊர்களில் ஊர் மேட்டிலும் காலனி ஏரிக்குக் கீழே பள்ளத்திலும் அமைந்திருப்பது தற்செயல் அன்று. மாற்றிடம் தருகிறோம் என்று காலனியை ஊரிலிருந்து இன்னும் ஒரு மைல் தள்ளிவிட்டால், பழைய ஒதுக்கலைப் புதிய காங்கிரீட்டில் கட்டியதாகும். மேட்டில், ஊரை ஒட்டி இடம் பார்த்தால் எதிர்ப்பு வரலாம் என்று அதிகாரிகள் தயங்குவதும் உண்டு. 2012 நவம்பரில் தலித் மக்களின் நத்தம் காலனியும் அண்டைக் குடியிருப்புகளும் எரிக்கப்பட்ட மாவட்டம் தருமபுரி; அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தயக்கத்தின் விலையைப் பள்ளத்தில் இருப்பவர்களே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இடத்தை அறிவிப்பதற்கு முன்பே இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவதும், பாதுகாப்புக்கு நிர்வாகமே பொறுப்பேற்பதும் வரைபடம் போடுவதைப் போலவே திட்டத்தின் ஒரு பகுதிதான்.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையே சான்று. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் நகரிலிருந்து தொலைவில் உள்ள பெரும்பாக்கம் போன்ற அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. வீட்டு வேலைக்கும் சந்தைக்கும் போய்வந்த பெண்கள் வேலையை இழந்தார்கள். கல்வியாண்டின் நடுவே மாற்றப்பட்ட பிள்ளைகளில் படிப்பை விட்டவர்கள் உண்டு. அதற்கு முன்பே மக்கள் குடியமர்த்தப்பட்ட செம்மஞ்சேரியோ சதுப்பு நிலத்தை ஒட்டியது. மழைதோறும் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்திலிருந்து எடுத்து வெள்ளத்தில் வைத்த கதை அது.

நம் வட்டாரத்தின் குடியிருப்பு முறையும் வேறு. இங்கே ஊர்ப்பெயர்கள் பல 'கொட்டாய்' என்று முடிவதைப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து பங்காளிக் குடும்பங்கள் தங்கள் காட்டிலேயே, அதாவது விளைநிலத்திலேயே, வீடு போட்டுக்கொண்டு, கிணறும் மாடும் மாந்தோப்பும் கண் பார்வையில் இருக்க வாழ்கிற முறை அது. அப்படி வாழ்ந்தவர்களை இரண்டு வரிசை நேர்க்கோட்டுத் தெருவில் கொண்டுபோய் வைத்தால், விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுகிற பெண்ணுக்கு மாடு ஓரிடத்திலும் வீடு ஓரிடத்திலும் என்றாகிவிடும். 1993 லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பிறகு மகாராஷ்டிரத்தில் 52 கிராமங்கள் முழுதாக இடம் மாற்றப்பட்டன. அகலமான தெருக்களும் சதுரமான மனைகளும் கொண்ட புதிய ஊர்களில், கிராமத்து மக்கள் தங்கள் பழைய பழக்கவழக்கத்துக்கு ஏற்ப வாழ முடியாமல் திண்டாடியதைப் பின்னாளில் பலர் பதிவு செய்தார்கள். சொந்தக் காட்டில் மேடான மூலை ஒன்று இருக்கும் குடும்பத்துக்கு, அங்கேயே கட்டிக்கொள்ள அனுமதியும் பணமும் தருவதே நல்லது. காலனி போல ஓரிடத்தில் கட்டுவது, சொந்த நிலமே இல்லாதவர்களுக்காக மட்டும் இருக்கட்டும்.

மனையின் அளவையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஊரகத்தில் வழக்கமாகத் தரப்படுவது மூன்று சென்ட், அதாவது ஏறத்தாழ 1,307 சதுர அடி. கயிறு பிடித்தால் சுமார் 33 அடிக்கு 40 அடி. கனவு இல்லத்தின் வீடு 360 சதுர அடி. 18 அடிக்கு 20 அடி என்று வைத்துக்கொள்வோம். கழிப்பறையும் துணி துவைக்கும் கல்லும் ஒரு மூலை. இரண்டு மாடு கட்ட 10 அடிக்கு 15 அடியில் ஒரு கொட்டகை, தள்ளி ஒரு வைக்கோல் போர், சாணக்குழி. நாலு பக்கமும் இடைவெளி விட்டால் நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் அடங்கிவிடும். இதையே ஒன்றரை சென்டாகச் சுருக்கினால் மாட்டை விற்க வேண்டும், மாட்டை விற்றால் மாத வருமானம் போகும். 2024 ஜூலை நிலச்சரிவுக்குப் பின் வயநாட்டில் கல்பற்றாவில் கேரள அரசு அமைக்கும் குடியிருப்பில் ஒரு குடும்பத்துக்கு ஏழு சென்டும் 1,000 சதுர அடி வீடும் என்று திட்டமிட்டார்கள். அங்கே வர விரும்பாதவர்களுக்குப் பணமாக 15 லட்சம் என்ற வழியும் வைத்தார்கள். அந்தத் தொகை நமக்கு எட்டாமல் இருக்கலாம். விருப்பம் கேட்பதற்குத் தொகை தேவையில்லை.

யாருக்கு வீடு என்ற பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதில்தான் பல குடும்பங்கள் விடுபட்டுப்போகின்றன. தருமபுரி, அரூர், ஊத்தங்கரை பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும், பனியன் வேலைக்குத் திருப்பூருக்கும் போகிறவர்கள் ஏராளம். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும் நாளில் கதவு பூட்டியிருக்கும். இடிந்த சுவரைப் பார்த்து யாரும் வசிக்காத வீடு என்று எழுதிவிடுவது எளிது. ஒரே ரேஷன் கார்டில் இரண்டு அடுப்பு எரிகிற வீட்டில், கல்யாணமான இளைய மகன் குடும்பம் கணக்கில் வராது. பட்டா இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருக்க, கணவனையும் இழந்த மருமகளுக்கு வாரிசுச் சான்று வாங்கவே மாதக்கணக்கில் ஆகும். வாடகைக்கு இருந்தவர்களோ எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலைக் கிராம சபையில் ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, வெளியூரில் இருப்பவர்கள் பொங்கலுக்கு வந்து பார்க்கும்வரை திறந்து வைத்தால் இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை ஊர்க்காரர்களாலேயே திருத்தப்பட்டுவிடும். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கட்டும். 2004 சுனாமிக்குப் பின் கடலோரத்தில் கட்டிய வீடுகளை அப்படி வழங்கிய அனுபவம் நமக்கு இருக்கிறது.

இனி பணம். கனவு இல்லத்துக்கு 3.50 லட்சம் ரூபாய். 360 சதுர அடிக்கு வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய் வருகிறது. இன்றைய எம்-சாண்ட், கம்பி விலையில் 2,000 ரூபாய்க்குக் குறைத்துக் கட்டித் தருகிறேன் என்று சொல்லும் மேஸ்திரியைக் காண்பது அரிது. சொந்த உழைப்பைப் போட்டு, பழைய வீட்டின் ஓட்டையும் கதவையும் பயன்படுத்தி ஓரளவு ஈடுகட்டலாம்; மீதிக்குக் குழுக் கடன்தான். அதிலும் தவணை, கடைக்கால் போட்டு பேஸ்மட்டம் முடிந்தபின், கூரை எழும்பியபின் என்று வேலை முடிந்த பிறகே வருகிறது. சாமான் சட்டியோடு எல்லாவற்றையும் வெள்ளத்தில் விட்டவர் முதல் லோடு ஜல்லியை எதைக் கொண்டு இறக்குவார்? வெள்ளத்தில் இழந்தோருக்கு மட்டுமாவது முதல் தவணையை வேலை தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். சுவரில் அளந்த கோட்டுக்கு மேல் இரண்டு அடி உயரும்படி பேஸ்மட்டத்தை ஏற்றுவதற்கான கூடுதல் செலவும் தனியாகச் சேர்க்கப்பட வேண்டும். கருங்கல் நம் மாவட்டத்தின் விளைபொருள். கடைக்காலுக்கு அதைவிட நல்லது கிடையாது.

கட்டுவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தில் பெரும்பாலான வீடுகளை, தவணையாகப் பணமும் பொறியாளரின் மேற்பார்வையும் பெற்று, உரிமையாளர்களே கட்டிக்கொண்டார்கள். பெங்களூரில் பதினைந்து மாடி எழுப்புகிற கொத்தனாரும் கம்பி கட்டுகிறவரும் நம் ஊர்க்காரர்கள். நாலு மாதம் ஊரில் தங்கி, கூலி பெற்று, தன் வீட்டையும் பக்கத்து வீட்டையும் கட்ட அவர்களுக்கு வழி செய்தால் ஒப்பந்ததாரர் கட்டியதைவிட அது நன்றாகவே நிற்கும்.

வீடு முடிய ஓராண்டாகலாம். அதுவரை எங்கே இருப்பார்கள்? பள்ளியும் திருமண மண்டபமும் ஒரு வாரத்தில் காலி செய்யப்படும். உறவினர் வீடு ஒரு மாதம் தாங்கும். அதன்பின் பழைய இடத்திலேயே தார்ப்பாய் ஏறிவிடும். ஏறிய தார்ப்பாய் தகரமாகும், தகரம் ஹாலோபிளாக் சுவராகும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது, வெளியேறும் குடும்பங்களுக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை தருகிறது. ஊத்தங்கரையிலோ அரூரிலோ ஓர் அறை வீட்டுக்கு ஓராண்டு வாடகை கொடுக்க அதை ஒட்டிய தொகையே போதும். அப்படி ஒரு வாடகை உதவி ஊரகத்துக்கும் வேண்டும்.

குடும்பங்கள் புது வீட்டுக்குப் போன பிறகு பழைய இடம் என்ன ஆகும் என்பதையும் அன்றே முடிவு செய்தாக வேண்டும். பொக்லைன் வருவதற்கு முன் நிலைவாசலையும் ஓடுகளையும் ஜன்னலையும் அவர்களே பிரித்து எடுத்துப்போக ஒரு வாரம் கொடுக்கலாம். தாத்தா காலத்து வேப்பமர நிலையைப் புது வீட்டிலும் வைக்க விரும்பாதவர் இங்கே குறைவு. காலி செய்த மறுநாளே சர்வேயர் கல் நட்டு, இடிபாட்டை அள்ளி, ஓடையை அதன் பழைய அகலத்துக்குத் தோண்டி, கரையில் பனை விதை போட வேண்டும். வெறுமனே விட்டுவைத்தால் இரண்டு கோடை தாண்டாது. செங்கல் சூளைக்கோ குவாரிக்கோ வேலைக்கு வந்து, தங்க இடமில்லாத இன்னொரு குடும்பம் அதே பள்ளத்தில் நாலு மூங்கில் நட்டுவிடும். அடுத்த முறை ஏரி கோடி போகும் இரவில், அந்தக் குடும்பத்தின் பெயர் யாருடைய பட்டியலிலும் இருக்காது.